டிக்டியோஸ்டீலியத்தில் வளர்ச்சி மியூட்டன்ட் மேப்பிங்: மூன்று முறைகளோடு பல வருடப் பழக்கம்

டிக்டியோஸ்டீலியம் என்ற சளிப்பூஞ்சையில் வளர்ச்சி கெட்டுப்போன மியூட்டன்ட்களை (மரபணு மாறிய வகைகளை) பிடித்து, கோளாறு எந்த மரபணுவில் என்று தேடுவதுதான், அதாவது மேப்பிங்தான், பல வருடமாக என் வேலை. டிப்ளாய்டு கலப்பு (இரண்டு வகைச் செல்களை இணைத்துப் பார்ப்பது), ரெமி (மரபணுவை உடைத்து அங்கே அடையாளம் வைப்பது), முழு ஜீனோம் வரிசையாக்கம் (மொத்த டிஎன்ஏவையும் படிப்பது) என மூன்றையும் புழங்கியிருக்கிறேன். மூன்றுமே இன்னும் தேவைப்படுகின்றன. ஆனால் ஒரே வேலைக்கு அல்ல.

முதலில் உயிரியைப் பாராட்டிவிடுகிறேன். டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் ஹாப்ளாய்டு, அதாவது குரோமோசோம்கள் ஒற்றைத் தொகுதியாகவே இருக்கும், அதனால் ஒடுங்கு பண்பும் உடனே வெளியே தெரிந்துவிடும். தீனி இருக்கும்வரை தனித்தனி அமீபாக்கள். தீர்ந்ததும் சைக்ளிக் ஏஎம்பி சமிக்ஞையைப் பின்தொடர்ந்து ஒன்றுகூடி, சுமார் 24 மணி நேரத்தில் தண்டும் வித்துத் தலையுமாக நிற்கும். செல் பெருகுவதும் உருவம் எடுப்பதும் வேறு வேறு கட்டங்கள் என்பதால், ஒன்றுகூடத் தெரியாத மியூட்டன்ட்கூட பாக்டீரியாவைத் தின்று ஜோராகப் பெருகும். கிளெப்சியெல்லா பாக்டீரியா பரப்பிய அகார் தட்டில் ஒவ்வொரு பிளாக்கின் (அமீபாக்கள் பாக்டீரியாவைத் தின்று உண்டாக்கும் வட்டத்தின்) ஓரத்திலும் தின்கிற செல்கள், உள்ளே போகப் போகப் பட்டினி கிடந்து உருமாறுகிறவை. எல்லாக் கட்டமும் ஒரே வட்டத்துக்குள். நடுவில் வழவழப்பாகவே இருக்கும் பிளாக்கைக் கண்டால் குறித்துக்கொள்ள வேண்டியதுதான்.

என் அன்றாடக் கருவி ரெமி. குஸ்பாவும் லூமிஸும் 1992-இல் டிக்டியோஸ்டீலியத்துக்குக் கொண்டுவந்த முறை. பிளாஸ்டிசிடின் என்ற மருந்தை எதிர்க்கும் மரபணு உள்ள பிளாஸ்மிட்டை (சிறு டிஎன்ஏ வளையத்தை) பாம்ஹெச்1 நொதியால் வெட்டி, டிபிஎன்2 நொதியோடு சேர்த்து மின் அதிர்ச்சி மூலம் செல்லுக்குள் ஏற்றுகிறோம். டிபிஎன்2 குரோமோசோமில் ஜிஏடிசி என்று வருகிற இடங்களை வெட்ட, அந்த வெட்டில் பிளாஸ்மிட் போய் உட்காரும். மரபணுவும் உடைகிறது, உடைந்த இடத்தில் அடையாளமும் விழுகிறது. பக்கத்து டிஎன்ஏவோடு பிளாஸ்மிட்டை மீட்டு, கொஞ்சம் வரிசை படித்தால் போதும். 2005-இல் ஜீனோம் வெளிவந்த பிறகு மீதி வேலை டிக்டிபேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் தேடுவதுதான்.

எரிச்சலும் உண்டு. இந்த ஜீனோமில் ஏ, டி என்ற இரண்டு டிஎன்ஏ எழுத்துகளின் பங்கு 78 சதவீதத்தை நெருங்குகிறது. பிளாஸ்மிட்டை மீட்கப் பயன்படும் ஈ. கோலை பாக்டீரியா அப்படிப்பட்ட துண்டுகளை விரும்புவதில்லை, பாதியை உதறிவிட்டு மீதியைத்தான் தருகிறது. அதற்கு, பாக்டீரியா இல்லாமலே பக்கத்து டிஎன்ஏவைப் பெருக்கும் இன்வெர்ஸ் பிசிஆர் கைகொடுக்கிறது. இதைவிடப் பெரிய தொல்லை, செருகல் ஓரிடத்திலும் உண்மையான கோளாறு வேறிடத்திலும் இருப்பது. அதனால் மீட்ட பிளாஸ்மிட்டைப் புதிய தாய்ச் செல்லில் ஏற்றி, ஹோமோலோகஸ் மறுசேர்க்கையால் (ஒத்த வரிசைகள் இடம் மாற்றிக்கொள்வதால்) அதே இடத்தை உடைத்து, அதே உருவக்கேடு வருகிறதா என்று பார்க்காமல் எந்த மரபணுப் பெயரையும் நான் நம்புவதில்லை. மேப்பிங் என்று நாம் சொல்வதில் நேரம் தின்பது இந்த உறுதிப்படுத்தல்தான். ஏஎக்ஸ்4 என்ற ஆய்வக வகையில் இன்னொரு பொறி: இரண்டாம் குரோமோசோமில் சுமார் 750 கிலோபேஸ் இரட்டிப்பாகியிருக்கிறது. அந்தப் பகுதி மரபணுவில் ஒரு பிரதியை உடைத்தால் இன்னொன்று காப்பாற்றிவிடும். அதனாலேயே புதிய தேடலை நான், இந்த இரட்டிப்பு இல்லாத ஏஎக்ஸ்2 வகையில்தான் தொடங்குவேன்.

டிப்ளாய்டு கலப்பை மூத்தவர்கள் சொல்லிக் கேட்டபோது அலுப்பாக இருந்தது. மேக்ரோசிஸ்ட் என்ற பாலியல் கட்டம் இருந்தாலும் ஆய்வகத்தில் அது முளைப்பது அபூர்வம், ஆகவே சாதாரணக் கலப்பால் மேப் போட முடியாது. பதிலாக, வெவ்வேறு மரபணுக்களால் உயர் வெப்பத்தில் வளர முடியாத இரண்டு வகைகளைக் கலந்து, 27 டிகிரியில் பிழைக்கிற அரிய இணைவுகளை, அதாவது இரட்டைத் தொகுதி குரோமோசோம் கொண்ட டிப்ளாய்டுகளை, பொறுக்குகிறோம். அப்புறம் தயாபெண்டசோல் போன்ற மருந்தால் குரோமோசோம்களை இழக்கவைத்து, எந்தப் பண்பு எதோடு சேர்ந்து போகிறது என்று பார்க்கிறோம். கோளாறு எந்தக் குரோமோசோமில் என்பது தெரியும். குரோமோசோமுக்குள் எங்கே என்று கேட்டால் திணறும். மேப்புக்காக இன்று இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஒரே மாதிரி தோன்றும் இரண்டு மியூட்டன்ட்கள் ஒரே மரபணுவா, மாற்றம் ஓங்கியதா ஒடுங்கியதா என்ற கேள்விகளுக்கு டிப்ளாய்டு மாதிரி நேரடியான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

வரிசையாக்கம் மலிவானதும் பலர் ரசாயனத்தால் மரபணுக்களை மாற்றும் ரசாயன மியூட்டேஷனுக்குத் திரும்பினார்கள், 2016-இல் அதற்கான வழிமுறையும் வெளிவந்தது. வெப்பத்துக்கேற்ப மாறும் புரதம், கூடுதலாக இயங்கும் புரதம் போன்றவை ரெமியில் எளிதில் சிக்காது, இங்கே சிக்கும். ஆனால் ஒவ்வொரு மியூட்டன்டிலும் மாற்றங்கள் கும்பலாக வரும். ஒரே உருவக்கேடு உள்ள பல தனி மியூட்டன்ட்களைப் படித்து, எல்லாவற்றிலும் அடிபட்ட மரபணு எது என்று பார்த்தால்தான் பிடிபடும். ஒற்றை மியூட்டன்டை மட்டும் படித்தால் சந்தேகப் பட்டியல்தான் மிஞ்சும்.

கடைசியாகச் சேமிப்பு. வித்து தருகிற வகைகள் சிலிக்கா ஜெல்லில் வருடக்கணக்கில் கிடக்கும். நமக்கு வேண்டியவையோ பெரும்பாலும் வித்தே தராதவை. அவற்றை, உறைதலில் செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் சேர்த்து உறையவைக்க வேண்டும். திரவ ஊடகத்தில் விடாமல் வளர்த்துக்கொண்டே போனால் புதுப் புது மாற்றங்கள் சேர்ந்துவிடும். ஆகவே பிளாக்கைச் சுத்தப்படுத்தியதும் முதல் வேலையாக உறையவையுங்கள், மேப்பிங் அப்புறம்.