பழைய மாருதி 800-க்கு ஆன்லைனில் ஹெட் வாங்கப் போகிறீர்களா? ரூ. 8,450 போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

ரூ. 8,450. கூரியர் செலவு உட்பட. இந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு ஹெட்டை (இஞ்சின் சிலிண்டர்களின் மேல்மூடி, வால்வுகள் இருக்கும் பாகம்) விற்ற ஆளின் விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தளத்தின் பெயர் வேண்டாம். பழைய கார் பாகங்களை யார் வேண்டுமானாலும் போட்டு விற்கலாம், சிலருக்கு மட்டும் ‘சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்’ என்று டிக் போட்டிருப்பார்கள், அந்த வகைத் தளம். ஹெட் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

வண்டி 1997 மாடல், கார்புரேட்டர் இஞ்சின். வெளியே ஒரு சொட்டு ஒழுகல் இல்லாமல் கூலண்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. ஆயில் மூடியைக் கழற்றினால் அடியில் வெளுத்த குழம்பு. ஹெட்டுக்கு அடியில் இருந்துகொண்டு தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 796 சிசி, மூன்றே சிலிண்டர், சுற்றிலும் கை நுழைய இடம் இருக்கும். வீட்டு வாசலில் வைத்தே கழற்றிவிட்டேன். ஹெட்டின் அடிப்பரப்பில் வளைவு 0.05 மி.மீ. தாண்டக்கூடாது, என் ஹெட்டில் ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.15 தகடு தாராளமாகப் போனது. பரப்பைச் சீவிச் சமப்படுத்தும் ஃபேஸிங் வேலைக்குக் கொண்டுபோனால், லேத் பட்டறைக்காரர், “இது ஏற்கெனவே ஃபேஸிங் பண்ணின ஹெட்டு சார், இதுக்கு மேல எடுத்தா தாங்காது” என்று கையை விரித்தார். வண்டியின் உற்பத்தி நின்றதே 2014-இல். வேறு ஹெட்டுக்கு அலைந்துதான் அந்தத் தளத்தில் போய் விழுந்தேன்.

அங்கே விற்ற அந்த ஆளை நான் நம்பியதற்குக் காரணம் அவர் கேட்ட கேள்விகள். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ-யா சார்? ஆறு வால்வா, பன்னிரண்டு வால்வா? பழைய ஹெட்டைப் படம் எடுத்து அனுப்புங்க, தப்பான பீஸ் வந்து நீங்க கஷ்டப்படக் கூடாது” என்றார். இஞ்சின் வகையை இப்படித் துல்லியமாகக் கேட்கிறவரை யார்தான் சந்தேகப்படுவார்கள்? அடுத்து ஒரு வீடியோ. ஹெட்டின் தண்ணீர் வழிகளை எல்லாம் அடைத்து, வெந்நீர்த் தொட்டியில் முக்கி, காற்றழுத்தம் ஏற்றுகிறார்கள். ஒரு குமிழி கிடையாது. “பிரஷர் டெஸ்ட் ஓகே சார், ஆறு மாசம் வாரண்டி, நான் பொறுப்பு” என்று குரல் பதிவு வேறு. ரூ. 8,450-ஐ யூ.பி.ஐ-யில் போட்டேன்.

ஹெட் வந்தது. சமதளம் பார்த்தேன், சரியாக இருந்தது. புது கேஸ்கெட், சுத்தம் செய்த போல்ட், நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) வைத்து முறுக்கினேன். டைமிங் பெல்ட் குறிகளை மாட்டும்போதும் மாட்டிய பிறகும் சரிபார்த்தேன். ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் வாயில் குமிழி!

காற்று அடைத்திருக்கும் என்று ஹீட்டரைத் திறந்துவிட்டு ஓடவிட்டேன். அடைத்த காற்று என்றால் கொஞ்ச நேரத்தில் வெளியேறி அடங்கிவிட வேண்டும். இது அடங்கவே இல்லை. தண்ணீர் சூடாவதற்கு முன்பே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகியது. சூட்டில் ஏறுகிற அழுத்தம் இவ்வளவு சீக்கிரம் வராது, சிலிண்டரிலிருந்து கேஸ் தண்ணீருக்குள் போனால்தான் இப்படி ஆகும். ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி எர்த் செய்து பார்த்தேன். நடு சிலிண்டரை நிறுத்தியபோது குமிழி சட்டென்று குறைந்தது. மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தால், ஓரத்து இரண்டும் பழுப்பு நிறம், நடுவிலிருந்தது மட்டும் கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை. தண்ணீர் உள்ளே போகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

திரும்பவும் ஹெட்டைக் கழற்றினேன். கேஸ்கெட்டில் ஒரு கருகல் இல்லை. ஹெட்டைத் திருப்பி, நடு சேம்பரில் (பெட்ரோல் எரியும் குழி) இரண்டு வால்வு சீட்டுக்கும் (வால்வு உட்காரும் வளையம்) நடுவே தின்னர் தோய்த்த துணியால் தேய்த்தேன். வெள்ளிப் பெயிண்ட் கரைந்து வந்தது. அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. நகத்தால் கீறினால் மாவு மாதிரி உதிர்கிறது. அலுமினியம் எங்கேயாவது நகத்தில் உதிருமா? விரிசலை எம்சீல் வகையறா பசையால் அடைத்து, மேலே ஃபேஸிங் ஓட்டி, பெயிண்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம்தான் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருக்கும் ஹெட்டில் தெர்மோஸ்டாட் மூடி உட்காரும் இடத்தில் மஞ்சள் பெயிண்ட் கோடு இருக்கிறது. எனக்கு வந்ததில் அப்படி ஒன்றுமே இல்லை. டெஸ்ட் செய்தது வேறு ஹெட், அனுப்பியது வேறு ஹெட்.

இனிமேல்தான் கூத்து. முதல் பதில், “ஏர் லாக்கா இருக்கும் சார், நாலு நாள் ஓட்டுங்க, சரியாயிடும்.” விரிசல் படத்தை அனுப்பியதும், “டார்க் கரெக்டா வச்சீங்களா?” அளவைச் சொன்னேன். “மெக்கானிக் பில் இருக்கா?” நானே பொருத்தினேன், பில் ஏது? “அப்போ வாரண்டி வராது தம்பி.” பணம் போடும் வரை சார், போட்ட பிறகு தம்பி! அதோடு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக்தான்.

தளத்தில் புகார் போட்டால், ‘உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், பொருத்தப்பட்ட பாகங்களைத் திருப்பி எடுக்க இயலாது’ என்று ஒரு பதில். பொருத்தாமல் ஒரு ஹெட்டின் விரிசல் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதே பதிலை மறுபடி ஒட்டிவிட்டுப் புகாரை முடித்துவிட்டார்கள். ‘நாங்கள் இடையில் இருப்பவர்கள் மட்டுமே’ என்று கீழே ஒரு வரி. அப்புறம் எதற்கு ஐயா அந்த டிக்?

சொந்தமாக வேலை செய்கிறவன்தான் இவர்களுக்கு லட்டு. எது நடந்தாலும் ‘நீ மாட்டினது சரியில்லை’ என்று சொல்லிவிடலாம், அவனிடம் காட்ட பில் இருக்காது. பட்டறைக்குப் போகிற ஹெட்டாக இருந்திருந்தால் இதை அனுப்பத் துணிந்திருப்பார்களா என்று தெரியவில்லை. என் ரூ. 8,450 மட்டும் இல்லை, அதன் மேல் போன கேஸ்கெட், கூலண்ட், ஆயில் எல்லாம் தனிக் கணக்கு.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அந்த அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிட்டேன். நுகர்வோர் ஆணையத்தில் ரூ. 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, அதனால் அதையும் விடுவதாக இல்லை.

விளக்கமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. ஹெட் வந்ததும் சேம்பருக்குள் பெயிண்ட் இருந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள். வால்வு சீட் இடுக்கைத் தின்னரால் துடைக்காமல் பொருத்தாதீர்கள். டெஸ்ட் வீடியோவில் உங்கள் பெயரை ஹெட் மேலேயே மார்க்கரில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் உள்ளூர் பட்டறையில் நீங்களே ஒருமுறை பிரஷர் டெஸ்ட் செய்து, அந்த ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி என்றால் மெக்கானிக் பில் வேண்டுமா என்பதைப் பணம் போடும் முன்பே எழுத்தில் வாங்குங்கள், குரல் பதிவைக் காட்டினால் ஒருத்தரும் மதிப்பதில்லை.