காட்டுப் பராமரிப்புச் சேவை: தூர் எடுப்பதில் கெட்டி, கன்று நடுவதில் கோட்டை விட்டார்கள்

காரைக்குடி வட்டாரத்தில் வேலை செய்யும் ஒரு நிலப் பராமரிப்புக் குழுவின் 3 வருடச் சேவை பற்றியது இது. இடம், காடாகவே இருக்கட்டும் என்று அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்த 6 ஏக்கர் செம்புறாங்கல் மேடு. முக்கால்வாசி சீமைக்கருவேலம். நடுநடுவே நாட்டு வகைகளான காரை, சூரை, வீரை, காசா, ஒன்றிரண்டு உலக்கைப்பாலை. முதல் வருடம் கருவேலத்தை எடுத்து வேலி போடுவது, அடுத்த 2 வருடம் நடவும் களையெடுப்பும் என்று ஒப்பந்தம்.

கருவேலம் எடுத்ததில் குறை சொல்ல முடியாது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் காசில்லாமல் வெட்டித் தருகிறோம் என்று வருகிறவர்கள் தரையோடு அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மழைக்கு ஒரு தூரில் பத்துக் கிளை வெடிக்கும். துளிர்க்கிற மொட்டெல்லாம் மண்ணுக்குள்ளே, தண்டும் வேரும் சேரும் முண்டில்தான் இருக்கின்றன. இவர்கள் ஜேசிபி பல்லை ஒன்றரை அடி இறக்கி, முண்டோடு நெம்பி, மண்ணை உதறி வெயிலில் போட்டார்கள். பங்குனி, சித்திரையில் செய்ததால் எல்லாம் காய்ந்து விறகாகிவிட்டது.

வேலியும் நன்று. கிளுவைப் போத்து (ஊன்றினால் துளிர்க்கும் கிளைத்துண்டு) அடிக்கு ஒன்று ஊன்றி, வெளிப்பக்கம் வெட்டிய கருவேல முள்ளையே அடைத்திருக்கிறார்கள். ஆடு நுழையவில்லை.

எல்லை அகழியில்தான் சொதப்பல். ஊருணிக்குப் போகும் வரத்துக்காலை இரண்டு இடத்தில் மறித்து வெட்டிவிட்டார்கள். ஊரார் வந்து கேட்ட பிறகு மூடினார்கள். செட்டிநாட்டில் வரத்தை மறித்துவிட்டு எந்தக் காட்டையும் காப்பாற்ற முடியாது. மண்வெட்டி எடுக்கும் முன் நில அளவைப் புலப்படத்தைப் பார்த்துவிட்டு, மழைத்தண்ணீர் போகும் தாரையை ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம்.

ஜேசிபி வருமுன் நாட்டு மரங்களுக்குத் துணி கட்டினார்கள், ஆனால் ஆள் உயரத்துக்கு மேற்பட்டவற்றுக்கு மட்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் முழங்கால் உயரக் காசாவும் வெறும் புதர்தான், கருவேலத்தோடு அதுவும் போனது. காசா வளரும் வேகத்துக்கு அந்த இழப்பைச் சரிக்கட்டப் பல வருடமாகும்.

நடவுக்கு வருவோம். பில் கன்றுக்கு இவ்வளவு என்று போடப்படுகிறது, கோளாறு அங்கே. கணக்குக் காட்ட வேம்பு, புங்கன், நாவல் என்று வரிசை பிடித்து நட்டார்கள். செம்புறாங்கல்லில் கடப்பாரையால் தோண்டும் குழிக்கு அடியில் பாறைத் தட்டு இருந்தால், கார்த்திகை மழையில் அது தொட்டிதான். வேர் அழுகி இலை மஞ்சளாகும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஆள் இன்னும் ஒரு குடம் ஊற்றுவார், கதை முடிந்தது. நடுவதற்கு முன் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் தட்டை உடைக்க வேண்டும், முடியாவிட்டால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று. கருவேல நிழல் போன இடத்தில் காரையும் சூரையும் பழைய தூரிலிருந்து தாமாகவே துளிர்த்து வந்தன. குழியும் வேண்டாம், குடமும் வேண்டாம். பில்லில் ஏறாத செடி என்பதால் களைவெட்டில் அவையும் சேர்ந்து போயின.

ஆடு காயைத் தின்று புழுக்கையில் விட்ட கருவேல விதை வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். முளைத்ததை மழை விட்டதும், ஈரம் காயுமுன், கையால் பிடுங்கினால் வேரோடு வரும். தை தாண்டினால் தண்டு அறுந்து வேர் உள்ளேயே தங்கிவிடும். ஒப்பந்தத்தில் ‘வருடத்துக்கு இரண்டு களை’ என்று மட்டும்தான் இருந்தது, மாதம் போடவில்லை. இரண்டாம் களைக்கு ஆட்கள் வந்தது மாசியில்.

மொத்தத்தில் 5-க்கு 3. கருவேலம் எடுக்கவும் வேலி போடவும் தயங்காமல் கூப்பிடலாம். மற்ற 2 வருடத்தையும் கொடுப்பதானால் கன்றுக் கணக்கை ஆள் கூலிக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். களையை ஐப்பசிக் கடைசி, மார்கழி என்று மாதம் போட்டே எழுதி வாங்குங்கள்.