காந்தத் தாளா, பிளாஸ்டிக் உறையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் தீபாவளிக்கு வாழ்த்து அட்டை செய்யும் எனக்குக் கட்டிங் டைகளை, அதாவது காகிதத்தை உருவங்களாக வெட்டும் உலோக அச்சுகளை, எங்கே வைப்பது என்பதே தலைவலி. காந்தத் தாளில் ஒட்டினால் குத்துவிளக்கு, மாங்காய் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்; மெல்லிய டை வளையாது, பொடிசும் தொலையாது. ஆனால் விலை கூடுதல், சேரச் சேரக் கனம் வேறு.

உறை மலிவு. உள்ளே ஓர் அட்டையைச் செருகி, அதில் டையின் உருவத்தை வரைந்து, பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் வரிசையாக நிறுத்திவிடலாம். என்ன, சின்னத் துண்டுகள் மூலையில் ஒளிந்துகொள்ளும்! இந்தக் கடற்கரை ஈரத்தில் எப்படி வைத்தாலும் துருப் பயம் உண்டு. மூடிய டப்பா என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம். சரி, என் வழி: பெரியவை உறையில். பொடிசுகளுக்கு மட்டும் ஒரே ஒரு காந்தத் தாள், அதையும் நறுக்கிப் பழைய சிடி பெட்டிகளுக்குள்.