மோர் ஊற்ற வாங்கிய ஜக்கில் நான்கு வருடமாக மால்ட்

சித்திரை மாதம் தெருமுனையில் நீர்மோர் ஊற்றுவதற்காக வாங்கியது அந்த 20 லிட்டர் ஜக். நீல நிறம், உருண்டை, அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய். சென்னையில் மே மாதம் இது இல்லாத தெரு இருக்காது. அதை மோர் வேலையிலிருந்து விடுவித்து, முளைத் தானியத்தை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் டன் ஆக்கி நான்கு வருடம் முடிந்துவிட்டது.

யோசனை அமெரிக்காவில் இருக்கும் அத்தை பையனுடையது. அவன் வீட்டு கராஜில் இதே மாதிரி ஒரு ஜக்கை வைத்து பீர் காய்ச்சுகிறான். வீட்டுத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ள 1978இல் அங்கே மத்திய அரசே சட்டம் போட்டு வழிவிட்டது. நமக்கு இருப்பது 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம். உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் காய்ச்சினால் கேஸ்தான். அதனால் நான் சர்க்கரையைச் சாராயமாக்கும் ஈஸ்ட் போடுவதற்கு முந்தைய ஸ்டாப்பிலேயே இறங்கிவிடுகிறேன். ஜக்கிலிருந்து வரும் இனிப்புத் தண்ணீரைக் காய்ச்சிப் பாகாக்கிப் பாட்டிலில் ஊற்றிவிடுவேன். கஞ்சிக்கும் பாலுக்கும் தோசைக்கும் அதுதான் எங்கள் வீட்டு மால்ட்.

முளைகட்டி உலர்த்திய தானியத்தை உடைத்து 65, 67 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் ஊறவைக்கும் பாத்திரம்தான் மாஷ் டன். அந்தச் சூட்டில் முளையிலிருக்கும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். சூடு குறைந்தால் வேலை இழுக்கும். 75ஐத் தாண்டினால் நொதி சீக்கிரமே செயலிழந்துவிடும். அடுப்பில் வைத்து இதைக் காப்பது பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மாதிரி, நகர முடியாது. ஐஸ் கரையாமல் வைத்திருக்கும் ஜக் சூட்டையும் வெளியே விடாது. அவ்வளவுதான் சூத்திரம்.

குழாயை மாற்றியதுதான் பெரிய கதை. பிளாஸ்டிக் குழாய் சூட்டில் இளகி முதல் நாளே ஒழுகியது. பாரிமுனையில் அரை இஞ்ச் பால் வால்வு (உள்ளே ஓர் உருண்டை திரும்பித் திறக்கும் குழாய்) வாங்கினேன், பித்தளையில். வீட்டுக்கு வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, “பித்தளையா? களிம்பு ஏறும்டா, ஈயம் பூசாம அதுல யாராவது புளிப்பு வைப்பாங்களா?” என்றாள். ஜக்கில் ஊறும் மாஷின் பிஎச் 5.2இலிருந்து 5.6 வரை, லேசான புளிப்புதான். பீர் காய்ச்சுகிறவர்கள் பித்தளை வால்வு போடுவதும் உண்டு. ஆனால் இந்த ஜக் என்றைக்காவது மறுபடி மோருக்குப் போகும் என்று அம்மா நம்பிக்கொண்டிருந்தாள். வாக்குவாதம் வேண்டாமென்று 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வேறு வாங்கினேன். இன்று யோசித்தால் அவள் சொன்னதே சரி.

ஜக்கில் வால்வை உட்கார வைக்க என்ன போடுவது என்று நான் இணையத்தில் தேடிக்கொண்டிருக்க, எங்கள் அபார்ட்மென்ட் பிளம்பர், “சார், மொட்டை மாடி டேங்குக்குப் போடுற டேங்க் நிப்பிள்தான், வேற என்ன?” என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். பழைய துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, உள்ளேயும் வெளியேயும் சிலிக்கான் வாஷர், மரையில் டெஃப்லான் டேப்.

தானியம் குழாயை அடைக்காமலிருக்க வடிகட்டி வேண்டும். கெய்சருக்குப் போடும் பின்னல் கனெக்ஷன் பைப்பை வெட்டி, உள்ளிருக்கும் ரப்பரை உருவிவிட்டு வெறும் கம்பிப் பின்னலை மாட்டுவது அத்தை பையன் சொன்ன வழி. அவனுக்குச் சரிப்பட்டது, ஏனென்றால் அவன் போடுவது பார்லி. பார்லியின் உமியே வடிகட்டி மாதிரி படிந்துகொள்ளும். கேழ்வரகில் அந்த உமி கிடையாது. மூன்றாவது தடவை கூழின் கனத்தில் பின்னல் சப்பையாக நசுங்கி, வால்வைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. சூடான கூழை அகப்பையால் அள்ளி அள்ளி வெளியே எடுத்த அந்த ராத்திரியை மறக்க மாட்டேன்.

அப்புறம் செங்குன்றம் பக்கம் ஓர் அரிசி ஆலையிலிருந்து ஒரு சாக்கு உமி வாங்கிவந்தேன். கழுவி, ஒரு கிலோ கேழ்வரகுக்கு நூறு கிராம் கலந்தால் கூழ் இறுகாது. அமெரிக்காவில் இதே உமியைப் பாக்கெட் போட்டு விற்கிறார்களாம்! கூடவே அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியை ஜக்கின் அளவுக்குப் பையாகத் தைத்து உள்ளே விட்டேன். கஞ்சிப் பசை போக இரண்டு முறை கொதிக்கவைத்த வேட்டி. உமியும் வேட்டியும் சேர்ந்த நாளிலிருந்து அடைப்பு என்ற பேச்சே இல்லை. ஸ்டீல் பின்னல் பரணில் கிடக்கிறது.

சூட்டுக் கணக்கில் சென்னை நமக்குச் சாதகம். எவ்வளவு சூட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ தானியத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் என்றால், 0.41ஐ 3ஆல் வகுத்து, சேர வேண்டிய சூட்டுக்கும் தானியத்தின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, சேர வேண்டிய சூட்டோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 66 வேண்டும், தானியம் 31இல் இருக்கிறது என்றால் 71 டிகிரித் தண்ணீர் போதும். தானியம் 15 டிகிரியில் இருக்கும் ஊரில் 73 வேண்டும். அவர்கள் அட்டவணையை நம்பி ஊற்றிய முதல் இரண்டு முறையும் எனக்கு எகிறிவிட்டது. ஜக்கை முன்கூட்டியே வெந்நீர் ஊற்றிச் சூடாக்குவது அவசியம், ஆனால் கொதிக்கக் கொதிக்க ஊற்றாதீர்கள். நான் ஊற்றியதில் உள்சுவர் அடிப்பக்கம் உப்பிக்கொண்டது, இன்னும் அப்படியே இருக்கிறது. கம்பெனியைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் விற்றது குளிருக்கு.

கேழ்வரகை முழுதாக வெறும் வெந்நீரில் போட்டால் சரியாக வராது. மாவுச்சத்து வேகாமல் நொதியால் அதைப் பிடிக்க முடியாது. ஒரு கிலோ மாவை 6 லிட்டர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, 70க்கு ஆறவிட்டு ஜக்கில் ஊற்றி, உடைத்த முளைத் தானியம் ஒரு கிலோவைக் கலக்குகிறேன். கால் மணி நேரத்தில் கெட்டிக் கூழ் ரசம் மாதிரி நீர்த்துப்போவதை இன்றும் மூடியைத் திறந்து வேடிக்கை பார்ப்பேன். (திறந்தால் சூடு போகும். தெரியும்.) கைக்குழந்தைகளின் கஞ்சிக்குக் கேழ்வரகை முளைகட்டி அரைப்பதில் இருக்கும் சூட்சுமமும் இதுவே. ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு வைத்து டிங்சர் அயோடின் விட்டால், நீலக் கறுப்பானால் மாவுச்சத்து மிச்சம் இருக்கிறது, பழுப்பாகவே நின்றால் முடிந்தது. அந்தச் சொட்டைக் கொட்டிவிட வேண்டும்.

பார்லியும் செய்து பார்த்தேன். கடையில் கிடைக்கும் பார்லி அரிசி தீட்டியது, முளைக்காது. தோலோடு வாங்கினாலும் நம் வெயிலில் நாற்றமெடுத்துப் பூஞ்சை பிடிக்கிறது. மார்கழியில் மட்டும்தான் ஒழுங்காக முளைத்தது. கேழ்வரகுக்கு எங்கள் வெயில் பழக்கம். ஐப்பசி மழையில் காயவைக்க முடியாது என்பதைத் தவிர அதில் குறையே இல்லை.

ஜக்குக்கு வயதாகிவிட்டது. முதல் வருடம் மணிக்கு இரண்டு டிகிரி குறைந்தது, இப்போது ஐந்து. காரணம் வால்வு போட்ட இடம். உள் வாஷர் காய்ந்து இறுகி, கசிந்த தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவிலிருக்கும் ஃபோமுக்குள் போய்விட்டது. ஜக் முன்பைவிடக் கனம், உற்று முகர்ந்தால் ஊறிய சாக்கு வாடை. வருடத்துக்கு ஒருமுறை வாஷர் மாற்றியிருந்தால் தப்பித்திருக்கும். பால் வால்வின் உருண்டைக்குள்ளும் தண்ணீர் தங்கிப் புளிக்கும் என்பது எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. மூன்று துண்டாகக் கழலும் வால்வாக வாங்குங்கள், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவுங்கள். போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் சக்கையைக் கொட்டாமல் மூடிவிட்டுப் போனேன். இரண்டு நாள் கழித்துத் திறந்ததும் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

காசு மிச்சமாகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. வடிந்த இனிப்புத் தண்ணீரை ஒரு கிலோ சொச்சம் பாகாக வற்றவைக்க, 14.2 கிலோ சிலிண்டரில் முக்கால் கிலோ போல எரிவாயு போகிறது. வெல்லம் அதைவிட மலிவு, இனிப்பும் அதிகம். ஆனால் அந்த வறுத்த வாசனை வெல்லத்தில் வராது.

வரும் சித்திரைக்குள் புது ஜக் வாங்கி, பழைய ஸ்டீல் வால்வை அதில் மாட்டப்போகிறேன். அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், இரண்டாக வாங்கு, ஒன்றைத் தொடாதே என்று.