‘விசேட அலகு இருக்கு’ என்றால் உடனே காசு கட்டாதீர்கள்

கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்ற யோசிக்கிற யாழ்ப்பாணப் பெற்றோர், விடுகைப் பத்திரம் எடுக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள். நாங்கள் காசு கட்டி ஏமாந்த பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதவில்லை. விஷயம் மத்தியஸ்த சபையில், அதாவது பிணக்கை இரு பக்கமும் பேசித் தீர்க்க வைக்கிற சபையில், இருக்கிறது. நகரத்துக்குள் இருக்கிற, ‘இன்ரநெஷனல்’ என்று பலகை போட்ட ஒரு தனியார் பள்ளிக்கூடம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகன் தரம் மூன்று. ஒரு கதையை ஒருதரம் கேட்டால் திருப்பி அப்படியே சொல்லுவான். அதையே அச்சில் கொடுத்தால் முதல் வரியிலேயே நிற்பான். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வருகிற கற்றல் இடர்பாடு, என்று கிளினிக்கில் எழுதித் தந்தார்கள். முந்திய பள்ளிக்கூடத்து ரீச்சர் நல்லவர்தான். ஆனால் வகுப்பு நிறையப் பிள்ளைகள், அவரால் எவ்வளவு முடியும்? அதோடு ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாம் ஆண்டிலேயே ரியூசனுக்கு ஓடுகிற ஊர் எங்கள் ஊர். அந்த ஓட்டத்தில் இவனை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் பேஸ்புக்கில் விளம்பரம் வந்தது. விசேட கல்வி அலகு, பயிற்றப்பட்ட ஆசிரியர், பிள்ளைக்குத் தனித் திட்டம். ஒரு சனிக்கிழமை வரச் சொன்னார்கள். ஊஞ்சல், பெரிய பந்து, நிற அட்டை என்று ஓர் அறையைத் திறந்து காட்டினார்கள். பந்தில் விலை ஒட்டிய ஸ்ரிக்கர்கூட உரிக்கவில்லை. நிர்வாகி சொன்னார்: “அம்மா, ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பிள்ளையை எங்களிட்ட விடுங்கோ, ஆறு மாசத்தில கடகடவெண்டு வாசிப்பான்.”

இந்த ஆறு மாதக் கதையை யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். டிஸ்லெக்சியா மருந்து குடித்து மாறுகிற காய்ச்சல் இல்லை. எழுத்தையும் ஒலியையும் சேர்த்து, படிப்படியாக, திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். பிள்ளைக்குப் பிள்ளை எடுக்கும் காலம் வேறு. அந்த வேலை தெரிந்தவர்கள் ஒருநாளும் தவணை சொல்ல மாட்டார்கள்.

ஒன்றரை இலட்சம் ரூபா கட்டினோம். கனடாவில் இருக்கிற அண்ணை அனுப்பிய காசு. கேட்கும்போது ‘அனுமதிக் கட்டணம்’ என்று கேட்டவர்கள், பற்றுச்சீட்டில் ‘அபிவிருத்தி நன்கொடை’ என்று எழுதித் தந்தார்கள்.

தை மாதம் சேர்த்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்று வந்தது, ஏ.எல். எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த ஒரு பிள்ளை. அவவில் எனக்குக் கோபம் இல்லை, கொடுத்த வேலையைச் செய்தா. வேலை என்ன என்பதுதான் பிறகு தெரியவந்தது. ஒருநாள் அவனுடைய தமிழ்க் கொப்பியைத் திறந்தால் முழுப் பக்கம் எழுதியிருக்கிறது, ஒரு பிழை இல்லை. ழகரத்தின் வால் எல்லா இடத்திலும் ஒரே அளவாகச் சுழிந்திருக்கிறது. என் பிள்ளை பென்சிலை ஊன்றி எழுதுகிறவன், தாளின் மறுபக்கத்தைத் தடவினால் எழுத்து விரலில் படும். இந்தப் பக்கம் வழுவழுவென்று இருந்தது. கீழே சிவப்பு மையில் ‘மிக நன்று’, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

“மிஸ் எழுதுவா. நான் படம் கீறுவன்” என்றான்.

பந்து அறை? அது புதிதாகப் பெற்றோர் வரும்போது மட்டும் திறக்கிற அறை. மாசியில் எட்டிப் பார்த்தபோதும் ஸ்ரிக்கர் பந்திலேயே இருந்தது.

கொப்பியோடு போய்க் கேட்டேன். தனியாக ஒரு துணை ஆசிரியை வேண்டுமாம், அதற்கு மாதம் இருபத்தையாயிரம் மேலதிகமாகக் கட்ட வேண்டுமாம். இல்லையென்றால் “வேற இடம் பாருங்கோ.” சரி, காசைத் தாருங்கள் என்றால், “அது நன்கொடை அம்மா. நன்கொடையைத் திருப்பிக் கேக்கிறேல்லைத்தானே” என்று சிரித்துக்கொண்டு சொன்னார். கிளினிக் அறிக்கையின் மூலப் பிரதியும் அவர்களிடம் மாட்டிக்கொண்டது. கேட்கும்போதெல்லாம் பிள்ளையின் பைல் வேறு கிளையில் என்ற பதில்தான்.

அதனால் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போட்டோப் பிரதி மட்டும் கொடுங்கள். பின்னாளில் ஓ.எல். எழுதும்போது மேலதிக நேரம் கேட்டுப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கவும் இப்படியான மருத்துவ அறிக்கைதான் கைகொடுக்கும்.

வலயக் கல்விப் பணிமனைக்கும் போனேன். இப்படியான பள்ளிக்கூடங்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, அரச பாடசாலை போலப் போய் மேற்பார்வை செய்ய முடியாது என்றார்கள். காசு கட்ட முதல் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் அங்கே விசேட கல்விக்குப் பொறுப்பான அதிகாரி எங்களை இருத்திவைத்துக் கதைத்தார், விசேட கல்வி அலகு உள்ள அரச பாடசாலைகளைச் சொன்னார். மாற்றுத்திறனாளி என்ற காரணத்துக்காக எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ‘உங்கட பிள்ளைக்கு இது சரிவராது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிற அதிபரிடம் அந்த இலக்கத்தைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

பழைய பள்ளிக்கூடத்தில் இடம் நிரம்பிவிட்டது. இப்போது அலகு உள்ள ஓர் அரச பாடசாலையில் படிக்கிறான். பாதி நேரம் அலகில், மீதி நேரம் சாதாரண வகுப்பில். அலகு ரீச்சர் தட்டில் மணல் பரப்பி விரலால் எழுதப் பழக்குகிறா. ஊஞ்சலும் இல்லை, பந்தும் இல்லை.

மாற்றத்தான் வேண்டும் என்றால் சனி ஞாயிறில் போய்ப் பார்க்காதீர்கள். பள்ளிக்கூடம் நடக்கிற நாளில், பிள்ளைகள் அலகுக்குள் இருக்கிற நேரத்தில் போங்கள். ஆசிரியரின் பயிற்சிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முகம் கறுத்தால் கறுக்கட்டும். ஏற்கனவே அங்கே பிள்ளையை விட்டிருக்கிற ஒரு தாயோடு வெளியில் வைத்துக் கதையுங்கள். தனித் திட்டம் என்றால் எழுத்தில் கேளுங்கள். பற்றுச்சீட்டை மேசையை விட்டு எழும்ப முதல் வாசியுங்கள்.

மத்தியஸ்த சபைக்குச் சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை, செலவும் பெரிதாக வராது. இதே மாதிரி ‘அபிவிருத்தி நன்கொடை’ என்று பற்றுச்சீட்டு வாங்கிய வேறு பெற்றோர் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள், சபையில் காட்ட உதவும். படம் எடுத்து அனுப்பினால் போதும், மூலப் பிரதி உங்களிடமே இருக்கட்டும்.