ஆறிய முறிவா, மெலிந்த எலும்பா: பராமரிப்புக்கு எது வலுவான சான்று?

பழங்கால எலும்புக்கூட்டில், நோயுற்றவரைப் பிறர் பராமரித்ததன் தடயம் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது ஆறிய எலும்பு முறிவு. முறிவின் மேல் புது எலும்பு படிந்து மேடு தட்டியிருந்தால், அடிபட்டவர் சில வாரங்களாவது பிழைத்திருந்தார் என்பது உறுதி. ஆனால் காட்டுக் குரங்குகளின் எலும்பிலும் ஆறிய முறிவுகள் உண்டு. கை முறிந்தவர் தானே நடந்துபோய்ச் சாப்பிட்டிருக்கலாம்.

நீண்டகால முடக்கம் அப்படியல்ல. வியட்நாமின் மான் பாக் என்ற அகழாய்வுத் தளத்தில் கிடைத்த, சுமார் 4000 ஆண்டுகளுக்கு முந்தைய இளைஞரைப் பாருங்கள்: கழுத்து முள்ளெலும்புகள் ஒட்டிக்கிடக்கின்றன, கைகால் எலும்புகள் குச்சியாய் மெலிந்திருக்கின்றன. பதின்வயதில் முடங்கியும் ஏறக்குறைய பத்தாண்டு வாழ்ந்திருக்கிறார். ஊட்டிவிடாமல், கழுவிவிடாமல், புரட்டிப் படுக்கவைக்காமல் இது நடக்காது. படுக்கைப் புண்ணே ஆளைக் கொன்றிருக்கும்.

இதிலும் சறுக்கல் உண்டு. மண் அரித்த எலும்பை நோயால் மெலிந்ததென்று எண்ணிவிடுவார்கள். அரித்ததன் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். மெலிந்தது வழவழப்பாகவே இருக்கும்.

எதை எடுத்தாலும், மான் பாக் இளைஞரை ஆராய்ந்த தொல்லியலாளர் லோர்னா டில்லி வகுத்த வரிசையில் போவதே சரி: நோய், அதனால் செய்ய முடியாமற்போன வேலைகள், தேவைப்பட்ட உதவி, அதற்குப் பிறகே அந்தச் சமூகத்தைப் பற்றிய முடிவு. பலர் முதல் படியிலிருந்து நேரே கடைசிக்குத் தாவுகிறார்கள்.