ஜெட்டிஃபையர் ரிவ்யூ: பழைய ரியாக்ட் நேட்டிவ் ஆப் தலையில விழுந்தவங்களுக்கு

2019க்கு முன்னாடி எழுதின ரியாக்ட் நேட்டிவ் (ஜாவாஸ்க்ரிப்ட்ல மொபைல் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்) ஆப் இன்னும் எத்தனையோ கம்பெனில ஓடிட்டுதான் இருக்கு, எழுதினவரு ரெண்டு கம்பெனி மாறி போயிருப்பாரு, கிளையன்ட் மட்டும் "ஒரு சின்ன சேஞ்ச்தானே"ன்னு வந்து நிப்பாரு. சரின்னு பில்ட் போட்டா டூப்ளிகேட் க்ளாஸ், மேனிஃபெஸ்ட் மெர்ஜர் ஃபெயில்டு, ஆப் காம்போனன்ட் ஃபேக்டரின்னு செவப்பு செவப்பா கொட்டும். அந்த நிலைமைல இருக்கறவங்களுக்குத்தான் இந்த ரிவ்யூ, புதுசா ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறவங்க இதப் படிச்சு நேரத்த வீணாக்க வேணாம்.

மொதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துடுவோம். ஆண்ட்ராய்டோட பழைய சப்போர்ட் லைப்ரரி பேர்கள, ஆண்ட்ராய்ட்எக்ஸ்ங்கற புது லைப்ரரி பேர்களுக்கு மாத்தி குடுக்கறதுதான் ஜெட்டிஃபையர். அந்த பேர்ல ரெண்டு டூல் இருக்கு. ஒன்னு கூகுளோடது, ஆண்ட்ராய்ட் கிரேடில் (ஆப்ப பில்ட் பண்ற டூல்) ப்ளகின்குள்ளயே இருக்கு, கிரேடில் ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல்ல யூஸ் ஆண்ட்ராய்ட்எக்ஸ், எனேபிள் ஜெட்டிஃபையர்னு ரெண்டு வரிக்கு ட்ரூ குடுத்தா வேலை செய்ய ஆரம்பிச்சிடும். இன்னொன்னு என்பிஎம்ல (ஜாவாஸ்க்ரிப்ட் பேக்கேஜ்ங்க கெடைக்கற எடம்) கெடைக்கிறது, என்பிஎக்ஸ் ஜெட்டிஃபைனு டெர்மினல்ல அடிச்சு ஓட்டணும். ரெண்டும் இலவசம். ஆனா செய்யற வேலை வேற. கூகுளோடது கம்பைல் ஆன ஜார், ஏஏஆர் ஃபைல்களத்தான் மாத்தும், ஜாவா சோர்ஸ தொடவே தொடாது. ரியாக்ட் நேட்டிவ் லைப்ரரிங்க பெரும்பாலும் நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர்ல சோர்ஸாத்தான் வந்து உக்காருது. அதனால கூகுள் டூல மட்டும் ஆன் பண்ணிட்டு "ட்ரூ போட்டேன் ஆனா ஆண்ட்ராய்ட் டாட் சப்போர்ட் பேக்கேஜ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்னு வருதே"ன்னு பொலம்புறவங்கள இன்னிக்கும் பாக்கலாம். ரெண்டும் சேர்ந்து வேணும்.

இதெல்லாம் எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 2018 மே மாசம் கூகுள் ஐஓல ஜெட்பேக்கோட சேர்த்து ஆண்ட்ராய்ட்எக்ஸ் வந்துச்சு, அதே வருஷம் செப்டம்பர்ல வந்த 28.0.0தான் பழைய சப்போர்ட் லைப்ரரியோட கடைசி வெர்ஷன். ஆண்ட்ராய்ட்எக்ஸ் 1.0.0ம் அதுவும் கிட்டத்தட்ட ஒரே கோடுதான், பேரு மட்டும் மாறிடுச்சு. ஆனா ஒரே ஆப்ல பாதி பழைய பேரு பாதி புது பேருன்னு வெச்சு ஓட்ட முடியாது, மாத்தினா மொத்தமா மாத்தணும். ரொம்ப பேரு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தாங்க. 2019 ஜூன் 17 அன்னிக்கு ப்ளே சர்வீசஸும் ஃபயர்பேஸும் ஆண்ட்ராய்ட்எக்ஸுக்கு மாறுச்சு, அன்னிக்கு ராத்திரியோட ராத்திரியா ஒரு வரி கூட மாத்தாத ரியாக்ட் நேட்டிவ் ஆப்பெல்லாம் பில்ட் ஆகாம நின்னுச்சு. லைப்ரரி எழுதினவங்க பலபேரு டிபெண்டன்சி வெர்ஷன்ல நம்பருக்கு பதிலா ப்ளஸ் குறி போட்டு வெச்சிருந்ததுதான் காரணம், லேட்டஸ்ட் எதுவோ அத எடுத்துக்கோன்னு அர்த்தம், அது எடுத்துக்கிச்சு. அடுத்த மாசம் ரியாக்ட் நேட்டிவ் 0.60 ஆண்ட்ராய்ட்எக்ஸோட வந்துச்சு, அதுக்கு ஏத்த லைப்ரரிங்க முக்காவாசி ரெடியாவே இல்ல. அந்த ஓட்டைய அடைச்சதுதான் இந்த என்பிஎம் ஜெட்டிஃபையர்.

இப்ப டூலுக்கு வருவோம். உள்ள ஒரு பெரிய மேப்பிங் லிஸ்ட் இருக்கு, பழைய க்ளாஸ் பேரு, புது க்ளாஸ் பேரு. நோட் மாட்யூல்ஸ் முழுக்க ஜாவா, காட்லின், எக்ஸ்எம்எல் ஃபைல்கள தேடிப் புடிச்சு பேர மாத்தி எழுதும். அவ்ளோதான். கம்பைலர் புத்திசாலித்தனமெல்லாம் எதுவும் இல்ல, வெறும் தேடு மாத்து. சொல்லப்போனா அதுதான் இதோட பலமே, ஏன்னா எது மாறுச்சுன்னு நம்மளே பாத்து புரிஞ்சுக்கலாம். சிபியு கோர் எத்தனை இருக்கோ அத்தனையையும் பயன்படுத்தறதால பெரிய ப்ராஜெக்ட்லயும் சட்டுனு முடிஞ்சிடும். மைனஸ் ஆர் ஆப்ஷன் குடுத்தா தலைகீழாவும் ஓடும், அதாவது ஆண்ட்ராய்ட்எக்ஸ்ல எழுதின லைப்ரரிய பழைய சப்போர்ட் லைப்ரரிக்கு திருப்பிடும். 0.59லயே மாட்டிக்கிட்டு இருந்தவங்களுக்கு அது எவ்ளோ உதவியா இருந்துச்சுன்னு அப்ப பட்டவங்களுக்குத்தான் தெரியும்.

எரிச்சல் என்னன்னா ஒவ்வொரு தடவை என்பிஎம் இன்ஸ்டால் பண்ணும்போதும் மாத்தினதெல்லாம் போயிடும், திரும்ப ஓட்டணும். போஸ்ட் இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட்ல போட்டு வெக்கறதுதான் வழி. 0.60 காலத்து ரியாக்ட் நேட்டிவ் சிஎல்ஐ ரன் ஆண்ட்ராய்ட் குடுத்தா அதுவா ஓட்டிக்கும், ஆனா ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ வழியாவோ சிஐ மெஷின்ல (தானா பில்ட் போடற சர்வர்) நேரா கிரேடில்லயோ பில்ட் போட்டா ஓட்டாது. "என் லேப்டாப்ல வருது சர்வர்ல வரல"ன்னு சண்டை வந்துச்சுன்னா பாதி நேரம் இதுதான் விஷயம்.

உங்க சொந்த ஆண்ட்ராய்ட் ஃபோல்டர அது தொடாதுங்கறதயும் ஞாபகம் வெச்சுக்கோங்க. அதுக்கு ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோல ரீஃபேக்டர் மெனுவுக்குள்ள மைக்ரேட் டு ஆண்ட்ராய்ட்எக்ஸ்னு ஒன்னு இருக்கு, 3.2ல இருந்து உண்டு. பரவால்ல ரகம். மாத்தினதுக்கு அப்புறம் ஆண்ட்ராய்ட் டாட் சப்போர்ட்னு ஒரு சர்ச் போட்டு பாருங்க, கண்டிப்பா எங்கயாவது ஒன்னு ரெண்டு ஒட்டிட்டு இருக்கும். மேனிஃபெஸ்ட்ல ஃபைல் ப்ரொவைடர் பேரு பழைய சப்போர்ட் வி4 பேருலயே நின்னுடுச்சுன்னா பில்ட் ஜம்முனு பாஸ் ஆயிடும், ஆப்ப தொறந்த ஒடனே க்ளாஸ் நாட் ஃபவுண்ட்னு விழும், ஏன்னா ப்ரொவைடர் எல்லாம் ஆப் ஸ்டார்ட் ஆகும்போதே லோட் ஆகும். இது ஒரு வகைல நல்லது, ஒடனே தெரிஞ்சிடும். லேஅவுட் எக்ஸ்எம்எல்ல பழைய டூல்பார் பேரு இருந்தா அந்த ஸ்க்ரீனுக்கு போனாத்தான் க்ராஷ். அதவிட மோசம் ப்ரோகார்டு (ரிலீஸ் பில்ட்ல தேவையில்லாத கோட வெட்டி சுருக்கற டூல்) ரூல்ஸ், பழைய பேருக்கு கீப் ரூல் எழுதி வெச்சிருப்பாங்க, அந்தப் பேருல இப்ப எதுவும் இல்ல, டூல் வாயே தொறக்காது, டீபக்ல எல்லாம் அருமையா ஓடும், ரிலீஸ் பில்ட்ல மட்டும் ஏதோ ஒரு மூலைல போய் விழும். என்பிஎம் ஜெட்டிஃபையரும் ப்ரோகார்டு ஃபைல்கள பாக்கறதில்ல. அதனால டெஸ்டிங் ரிலீஸ் பில்ட்லயும் பண்ணுங்க, ஒவ்வொரு ஸ்க்ரீனா.

கூகுள் ஜெட்டிஃபையர பத்தி சொல்லணும்னா, ஒழுங்கா வேலை செய்யும், ஆனா மெமரி தின்னும். ஜாவா ஹீப் ஸ்பேஸ் எரர் வந்தா கிரேடில் ஜேவிஎம் ஆர்க்ஸ்ல மெமரிய ஏத்திக்கோங்க. பவுன்சி காசில் மாதிரி புது ஜாவா க்ளாஸ் ஃபைல் உள்ள வெச்சிருக்கற ஜார்கள்ல பழைய வெர்ஷன் திணறி நின்னுடும், அதுங்களுக்கும் சப்போர்ட் லைப்ரரிக்கும் சம்பந்தமே இருக்காது, இக்னோர் லிஸ்ட்ல பேர போட்டுட்டா விட்டுடும் (பழைய கிரேடில் ப்ளகின்ல அந்த ஆப்ஷனுக்கு ப்ளாக்லிஸ்ட்னு பேரு, பழைய ப்ராஜெக்ட்ல அதத்தான் தேடணும்). அப்புறம் அந்த ஆப் காம்போனன்ட் ஃபேக்டரி எரருக்கு மேனிஃபெஸ்ட்ல டூல்ஸ் ரீப்ளேஸ் போடுன்னு நெட்ல ஒரு பதில் சுத்திட்டு இருக்கும், தயவுசெஞ்சு போடாதீங்க. பழசும் புதுசும் கலந்து கெடக்குன்னு அந்த எரர் சொல்லுது, அத வாய மூட வெச்சா அடுத்த ஸ்டெப்ல டூப்ளிகேட் க்ளாஸா வந்து நிக்கும்.

மத்த ஃப்ரேம்வொர்க்காரங்க எப்படி சமாளிச்சாங்கன்னும் பாத்தேன். ஃப்ளட்டர் பண்ணது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, பில்ட் ஃபெயில் ஆனா ஆண்ட்ராய்ட்எக்ஸ் பிரச்சனையா இருக்கலாம்னு அதுவா சந்தேகப்பட்டு, ப்ளகின் ஒவ்வொன்னையும் ஏஏஆரா பில்ட் பண்ணி கூகுள் ஜெட்டிஃபையர்கிட்ட குடுத்து மறுபடி முயற்சி பண்ணுச்சு. சோர்ஸ தொட மாட்டேங்குதா, அப்ப பைனரியாக்கி குடுன்னு யோசிச்சிருக்காங்க பாருங்க. ஸாமரின்ல (மைக்ரோசாஃப்டோட ஆப் ஃப்ரேம்வொர்க்) மைக்ரேஷன்னு ஒரு நியூகெட் பேக்கேஜ், எந்தெந்த ஆண்ட்ராய்ட்எக்ஸ் பேக்கேஜ் இல்லன்னு எரர்லயே பேர் பேரா லிஸ்ட் போட்டு குடுத்துடும், மூணு பேருக்குள்ள தெளிவான எரர் மெசேஜ் அதுதான். என்ன, ஸாமரின் சப்போர்ட்டே 2024 மே 1ஓட முடிஞ்சுபோச்சு, அதுல இருக்கறவங்க இத விட பெரிய வேலைய பாக்கணும்.

மார்க் போடணும்னா என்பிஎம் ஜெட்டிஃபையருக்கு 5க்கு 4.5, கூகுளோடதுக்கு 3.5, ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ மெனுவுக்கு 2.5. ஆனா ஒன்னு, இது காலுக்கு போட்ட மாவுக்கட்டு மாதிரி, எலும்பு சேர்ந்தா கழட்டிடணும். இன்னிக்கு மெயின்டெய்ன் ஆகற லைப்ரரி எல்லாமே ஆண்ட்ராய்ட்எக்ஸ்லதான் இருக்கு, இருந்தும் எனேபிள் ஜெட்டிஃபையர் ட்ரூன்னு சும்மாவே விட்டு வெச்சு ஒவ்வொரு பில்ட்லயும் நேரத்த குடுத்துட்டு இருக்காங்க. ஆண்ட்ராய்ட் ஸ்டூடியோ பம்பிள்பீல இருந்து பில்ட் அனலைசர்ல ஜெட்டிஃபையர் செக்னு ஒன்னு இருக்கு, எந்த லைப்ரரிக்கு இன்னும் அது தேவைன்னு காட்டும். லிஸ்ட் காலியா இருந்தா ஃபால்ஸ் போட்டுட்டு போயிட்டே இருங்க.

0.59 ஆப்ப ஜெட்டிஃபை மட்டும் பண்ணி ப்ளே ஸ்டோர்ல ஏத்திடலாம்னு கனவு காணாதீங்க. 2025 ஆகஸ்ட் 31ல இருந்து அப்டேட் போட டார்கெட் ஏபிஐ (எந்த ஆண்ட்ராய்ட் வெர்ஷனுக்கு ஏத்த ஆப்ங்கற நம்பர்) குறைஞ்சது 35 வேணும், அதோட 16 கேபி மெமரி பேஜ் சைஸுக்கும் ஒத்துப்போகணும்ங்கற கணக்கும் வந்துடுச்சு, அதுக்கு ரியாக்ட் நேட்டிவ்வயே ஏத்தித்தான் ஆகணும். ஏத்தற வழில, ஆள் இல்லாம கைவிட்டுப்போன ஒரு லைப்ரரி மட்டும் நடுவுல நிக்கும் பாருங்க, எங்க ஆப்ல ஒரு ப்ளூடூத் பிரிண்டர் லைப்ரரி அப்படி நின்னுச்சு, அங்கதான் ஜெட்டிஃபையருக்கு இன்னிக்கும் வேலை. ஒரே ஒரு தடவை ஜெட்டிஃபை ஓட்டுங்க, அந்த லைப்ரரிக்கு மட்டும் பேட்ச் பேக்கேஜ்ல (நோட் மாட்யூல்ஸ்ல பண்ண மாத்தத்த ஃபைலா சேமிச்சு இன்ஸ்டால் ஆனதும் திரும்ப போடற என்பிஎம் டூல்) பேட்ச் எடுத்து கிட்ல கமிட் பண்ணிடுங்க, போஸ்ட் இன்ஸ்டால்ல ஜெட்டிஃபை வரிய தூக்கிட்டு பேட்ச் பேக்கேஜ் வரிய மட்டும் வெச்சுக்கோங்க. மாத்தினது என்னன்னு டிஃப்லயே தெரியும், அடுத்து வர்றவருக்கும் புரியும்.